ரோஜாவா, ஹவ் டு நேம் இட்டா? ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரனின் கணக்கு

காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "உலகத்திலேயே கற்பனை வளம் மிகுந்த, இசையின் பாதையையே மாற்றிய ஆல்பங்கள் என்று எங்கே பட்டியல் போட்டாலும் பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், ரேடியோஹெட் என்றுதான் வருகிறது. தமிழில் அப்படி ஒன்றாவது உண்டா, இல்லை நம்மிடம் இருப்பது வெறும் சினிமாப் பாட்டுதானா?" ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க இதற்காகச் சண்டை நடந்ததாம்.

உண்டு தம்பி, தாராளமாக உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளே ரெண்டு கேள்வி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கிடக்கிறது, அதனால்தான் உங்கள் சண்டை முடியவில்லை. கற்பனை வளம் என்பது அந்த ஆளோடு, அந்தக் கேசட்டோடு நின்றுவிடலாம். பாதையை மாற்றுவது என்றால் அது வந்த பிறகு மற்றவர்கள் பழையபடி வேலை செய்ய முடியாமல் போக வேண்டும். நான் வேலூர், ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்து ஆர்கெஸ்ட்ராக்களில் கீபோர்டு வாசித்தவன், கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரிலும் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே என் அளவுகோல் விமர்சகர்களுடையது இல்லை. ஒரு படத்தின் பாட்டு வெளிவருகிறது, அடுத்த திருவிழாவில் ஜனங்கள் அதைக் கேட்பார்கள், வாசித்தே ஆகவேண்டும், ஆனால் குழுவில் இருக்கிற வாத்தியத்தையும் ஆட்களையும் வைத்து அது வரமாட்டேன் என்கிறது, புதிதாக ஒன்றை வாங்க வேண்டும், இல்லை புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும் என்ற நிலை வந்தால் அது பாதையை மாற்றிய இசை. அப்படி வராவிட்டால் நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

முதலில் அந்த இங்கிலீஷ் பட்டியல். பீட்டில்ஸ் 1966இல் போட்ட 'ரிவால்வர்' அதில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். அதன் கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே சுரத்தை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு, தம்புரா ஓட, மேலே டேப் துண்டுகளை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டு எடுத்தது. அங்கே அது பூகம்பம். நம் ஊரில் எந்த பஜனை மடத்துக்குப் போனாலும் சுருதிப் பெட்டி அதே ஒரே சுரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதற்காக "இதெல்லாம் நம்மிடம் எப்பவோ இருந்தது" என்று மார்தட்டவும் வேண்டாம், ஏனென்றால் அந்த டேப் வளையம் நம்மிடம் இல்லை, எங்கேயுமே அதிகம் இல்லை. திருப்பிப் பார்த்தால், ஒரு மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டை ஓடவிடும் வித்தை ஐரோப்பாவில் 1750இல் செத்துப்போன ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்திலேயே கரைகண்ட விஷயம், நம் சினிமாப் பாட்டில் அது முழு உடம்போடு வந்தபோது நமக்கு ரோமம் சிலிர்த்தது. யார் வீட்டுத் தரையை உடைத்தது என்று கேட்காமல் இந்த விவாதத்தைத் தொடங்கினால் விடியும்வரை பேசலாம்.

அடுத்தது ஆல்பம் என்ற கணக்கு. அவர்கள் ஊரில் எழுபதுகளுக்குள் எல்பி இசைத்தட்டு என்பது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய பொருளாகிவிட்டது. 1973இல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' அப்படித்தான், ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். நம்மிடம் ஒரு படத்தின் பாட்டுகளை யாரும் வரிசையாகக் கேட்டதே இல்லை. இலங்கை வானொலி ஒவ்வொன்றாகப் போட்டது, டீக்கடை அதற்குப் பிடித்ததைப் போட்டது, ரெக்கார்டிங் சென்டருக்கு வருகிறவர் ஒரு நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒரு காலி சிக்ஸ்டி, அதாவது அறுபது நிமிஷக் கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார். ஏ பக்கம் பூராவும் சோகம், பி பக்கம் ஜானகி மட்டும். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் நாகூர் ஹனிபாவுக்குப் பின்னால் பி.பி.ஸ்ரீனிவாஸ், அதற்குப் பின்னால் மறுபடி ஹனிபா என்று வரிசை எழுதிக்கொண்டு வந்து, மாற்றிப் பதிந்தால் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆக, கேட்பவர் ஒவ்வொருவரும் தனக்கு ஓர் ஆல்பம் போட்டுக்கொண்ட ஊர் இது. இசையமைப்பாளர் கொடுத்த வரிசை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதையும் மீறி, ஒரே பொருளாக நிற்கும் ஒரு சினிமா ஆல்பம் சொல்லுங்கள் என்றால் நான் முதலில் எடுப்பது 'நினைத்தாலே இனிக்கும்'. 1979, பாலசந்தர் படம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, பாட்டெல்லாம் கண்ணதாசன். கதையே ஊர் ஊராகப் போகும் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றியது என்பதால் மேடைப் பாட்டு, காதல் பாட்டு, சில வரியில் முடிந்துபோகும் குட்டிப் பாட்டு எல்லாம் ஒரே குழு வாசிப்பதுபோலவே ஒலிக்கும். 'எங்கேயும் எப்போதும்' முடிந்து 'சம்போ சிவசம்போ' வந்தால் அதே டிரம்ஸ்காரர் இன்னும் கொஞ்சம் சூடாகி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அப்போது எம்.எஸ்.விக்கு ஐம்பது வயது. அதற்கு மூன்று வருஷம் முன்னாடி இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்து அவர் காலம் முடிந்தது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக் குழுக்களில் பாடகர் மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்துகொண்டே பாட ஆரம்பித்ததற்கும், எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டதற்கும் இந்தப் படம்தான் காரணம் என்று எனக்கு முந்தைய தலைமுறை வாசிப்பாளர்கள் சொல்வார்கள். சட்டை மாறியதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா என்றால், நான் சேர்ப்பேன். மேடை மாறியிருக்கிறது.

இளையராஜா விஷயத்தில் இத்தனை ஆல்பங்களில் ஒன்றை எடு என்பது கஷ்டம். 'ப்ரியா' (1978) தமிழில் ஸ்டீரியோவில் பதிந்த முதல் படப் பாடல்கள் என்பார்கள். 'மூடுபனி', 'ஜானி', 'நிழல்கள்' மூன்றும் 1980, ஒரே வருஷம், இதை நினைத்தாலே தலை சுற்றும். ஆனால் என் அளவுகோலில் நிற்பது ஒரு வருஷமோ ஒரு படமோ இல்லை, அந்தச் சில வருஷங்களில் பேஸ் கிட்டாருக்கு நடந்த மாற்றம். அதற்கு முன்னால் மேடையில் பேஸ் வாசிப்பவர் பாட்டின் ஆதார சுரத்தை டும் டும் என்று தட்டிக்கொண்டிருந்தால் போதும், பாதிக் குழுக்களில் பேஸே கிடையாது, கோம்போ ஆர்கன் என்ற பழைய மேடைக் கீபோர்டில் இடது கையாலேயே ஒப்பேற்றிவிடுவார்கள். ராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிட்டு வாசித்தால் பாட்டு மொட்டையாக நிற்கும், கேட்பவருக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை', அதில் 'இளைய நிலா'. அந்த ஆரம்ப கிட்டார் வாசிப்பு வந்த பிறகு வேலூரில் ஒருவரை கிட்டாருக்குச் சேர்க்கும் முன் வைக்கிற பரீட்சை அதுவாகவே ஆகிவிட்டது. சுரம் எழுதி வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி. சர்ச்சில் வயலின், ஆர்கன் கற்ற பையன்கள் கோயில் திருவிழா மேடைக்கு வந்தது இப்படித்தான். வேலூரில் சர்ச்சுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் எங்களுக்கு ஆளும் கிடைத்தது.

இப்போது 'ரோஜா'. 1992 ஆகஸ்டில் படம் வந்தது. முதல் படத்துக்கே ரகுமானுக்குத் தேசிய விருது, 2005இல் டைம் பத்திரிகை பத்து சிறந்த திரையிசைகளில் ஒன்றாகச் சேர்த்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. அதுவரை எவ்வளவு சிக்கலான பாட்டு வந்தாலும் அதில் கேட்பது எந்த வாத்தியம் என்று தெரியும்: இது தபேலா, இது டோலக், இது காங்கோ, இது ஃப்ளூட். வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் என்ன வேண்டும் என்றாவது தெரியும். 'ருக்குமணி ருக்குமணி'யிலும் 'புது வெள்ளை மழை'யிலும் கேட்கும் பாதிச் சத்தத்துக்கு எங்களிடம் பெயரே இல்லை. தாள வாத்தியக்காரர்கள் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு "இது தோலா, தகரமா, மிஷினா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரகுமான் தன் வீட்டு ஸ்டுடியோவில் ஒவ்வொரு சத்தமாக அடுக்கி, கம்ப்யூட்டரில் திருத்தி, பிறகு அதன்மேல் மனிதர்களை வாசிக்க வைத்துக் கட்டிய பாட்டுகள் அவை. ஒரே சமயத்தில் ஒரு ஹாலில் ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்த பாட்டை எங்களில் பத்துப் பேர் சுருக்கி வாசிக்கலாம். யாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்காத பாட்டை எதைச் சுருக்குவது? அடுத்த வருஷமே 'ஜென்டில்மேன்', அதில் 'சிக்கு புக்கு ரயிலே', 1994இல் 'காதலன்', அதில் 'முக்காலா'. குழுவில், குச்சியால் தட்டினால் மிஷின் தாளச் சத்தம் தரும் ரிதம் பேட் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்க விழாக் கமிட்டிகள் யோசிக்க ஆரம்பித்துவிட்டன. கடன் வாங்கி ஆக்டோபேட் என்ற ரிதம் பேடை வாங்கினார்கள், முடியாதவர்கள் சென்னையிலிருந்து நாள் வாடகைக்கு ஆளையும் பேடையும் சேர்த்தே வரவழைத்தார்கள்.

இதற்கு முன்னோடி இல்லையா என்றால் இருந்தது, ராஜாவே 1986இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டிலும் கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்துவிட்டார், அந்தக் காலத்தில் ரகுமானும் அவரிடம் கீபோர்டு வாசித்தவர்தான். முதலில் செய்தது யார் என்பதில்தான் உங்கள் ஹாஸ்டல் சண்டை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். என் கணக்கில் முதலில் செய்தது முக்கியம் இல்லை. 1986இல் எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு மிஷினும் வாங்கவில்லை. 'என்ன சத்தம் இந்த நேரம்' பாடினோம், வயலினும் ஃப்ளூட்டும் போதுமாக இருந்தது, கம்ப்யூட்டரில் செய்த பகுதியை விட்டுவிட்டோம். 1992க்குப் பிறகு விடமுடியவில்லை, விட்டால் பாட்டே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாதையை மாற்றியது என்றால் நல்லது செய்தது என்று அர்த்தம் இல்லை. பேட் வந்தது, டிரிபிள் டிரம்ஸ்காரர் போனார். நல்ல கீபோர்டு வந்தது, அக்கார்டியன் போனது, வயலின்கள் போயின, கடைசியில் பாடகர் குரல் தவிர மற்ற எல்லாம் பதிந்த மைனஸ் ஒன் டிராக் வந்தபோது நானும்தான் போனேன். இன்றைக்குப் பெரும்பாலான கல்யாண ரிசப்ஷன்களில் ஒரு லேப்டாப், ரெண்டு பாடகர்கள், ஒரு பேட். ஆனால் ரகுமானுக்கு நியாயமாக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், அவர் கேசட் அட்டையில்தான் வாசித்தவர்களின் பெயர்களைத் தொடர்ந்து பார்த்தோம். அதற்கு முன் நாங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பியடித்த ஃப்ளூட்டும் கிட்டாரும் யார் கையிலிருந்து வந்தது என்று கேசட்டில் தேடினால் இருக்காது.

அதே ரகுமானிடம் கற்பனை வளத்துக்கு நான் எடுப்பது 'ரோஜா' அல்ல, 'திருடா திருடா' (1993). 'ராசாத்தி என் உசுரு என்னுதில்ல' என்று சாகுல் ஹமீது பாடுகிறார், வாத்தியமே கிடையாது, பின்னால் முழுக்கக் குரல்கள். ஒரு கிராமத்துச் சோகப் பாட்டை இப்படிச் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றும்! குடியாத்தம் பக்கம் ஒரு திருவிழாவில் இதைத் துணிந்து எடுத்தோம், கோரஸுக்கு நாலு பேரை நிறுத்தி, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரெண்டாவது வரியிலேயே மைக் செட்காரர் ஓடிவந்து "இன்னாப்பா, லைன் போயிடுச்சா?" என்றார். அந்தப் பாட்டுக்கு வழித்தோன்றல் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. தனிமரம்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' நிலைமையும் அதுதான். 1986, படம் இல்லை, பாடகர் இல்லை, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம், வயலின் வி.எஸ்.நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு துண்டு வரும், பாக்கின் வயலின் பகுதி ஓடிக்கொண்டிருக்க, நம் ஊர் வயலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பதில் பேசும். கர்நாடக ராகத்தை மேற்கத்திய முறையில் அலங்கரிப்பது வேறு, இரண்டு முறைகளையும் ஒரே நேரத்தில் யோசிக்க வைப்பது வேறு. இதில் நடப்பது ரெண்டாவது. என் காதுக்கு நம் மொழிக்காரர் ஒருவர் செய்த மிகப் பெரிய கற்பனை இதுதான். ஆனால் எங்கள் ரெக்கார்டிங் சென்டரில் இதைக் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் கிட்டார், வயலின் வாசிக்கிறவர்கள், மீதி ஒன்றிரண்டு டாக்டர்கள். எந்த விழாவிலும் யாரும் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்டதில்லை. பாலு மகேந்திரா 'வீடு' படத்தில் இதைப் பின்னணியாக எடுத்தாண்டார். அந்த வழியில் வேறு யாரும் பெரிதாகப் போகவில்லை, ராஜாவே அதிகம் போகவில்லை.

இதற்கு இன்னும் விசித்திரமான அண்ணன் ஒருவர் பம்பாயில் உண்டு, சரண்ஜித் சிங். ஹிந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், 1982இல் டிபி-303 முதலான ரோலண்ட் கம்பெனியின் எலக்ட்ரானிக் இசை மிஷின்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓடவிட்டு ஓர் எல்பி போட்டார். விற்கவில்லை. அஞ்சு வருஷம் கழித்து சிகாகோவில் அதே டிபி-303 மிஷினைத் திருகி ஆசிட் ஹவுஸ் என்று ஒரு புது வகை நடன இசை பிறந்தது, அவர்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது. இந்த எல்பி பாதையை மாற்றியதா? ஒரு அங்குலம்கூட இல்லை. கற்பனையா? அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் நண்பர்களிடம் இதை எடுத்துப் போடுங்கள், ரெண்டு கேள்வியும் தானாகப் பிரிந்துவிடும்.

சினிமாவுக்கு வெளியே தமிழில் ஆல்பமே இல்லை என்று யாராவது சொன்னால் ஆடி மாசம் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் (1963), சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், கண்ணதாசனும் எம்.எஸ்.வியும் சேர்ந்த கிருஷ்ண கானம், எல்லாம் தனி ஆல்பங்கள்தானே? இவற்றில் என் ஓட்டு எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளுக்கு. கிளப் டான்ஸ் பாட்டுக்கென்று சினிமா ஒதுக்கிவைத்திருந்த ஒரு குரல், அதே அழுத்தத்தோடு, அதே துள்ளலோடு மாரியம்மனைக் கூப்பிட்டது. 'செல்லாத்தா செல்ல மாரியாத்தா' புளியமரத்துக் கூம்பு ஸ்பீக்கரில் கேட்காமல் வட ஆற்காட்டில் எந்த ஊரிலும் கூழ் ஊற்றியதில்லை. அதற்குப் பிறகு பக்திப் பாட்டு என்றால் சாந்தமாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதி உடைந்தது, மேடையில் முதல் அரை மணி பாடும் பெண் பாடகிக்குத் தேவைப்படும் தொண்டையே மாறிவிட்டது. எந்தப் பட்டியல்காரரும் இதைத் தொடமாட்டார். விதி என்றதும் ஞாபகம் வருகிறது, 1984இல் 'விதி' படத்தின் வசனக் கேசட் பாட்டுக் கேசட்டையே தோற்கடித்து டீக்கடை டீக்கடையாக ஓடியது, கோர்ட் சீனை வரி விடாமல் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதையும் ஆல்பம் என்று சேர்த்தால் என் வரிசையே கலைந்துவிடும்.

ஒரு இசை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க இந்த மாவட்டங்களில் இன்னொரு இடமும் உண்டு, தெருக்கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர், பழைய வட ஆற்காடுதான். துரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து ராத்திரி ராத்திரியாக நடக்கும், முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் பழைய மெட்டை விடாது, ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மட்டும் இஷ்டத்துக்குச் சினிமா மெட்டை இழுத்துவிட்டுச் சிரிக்கவைப்பார். அவர் வாயில் ஒரு மெட்டு வந்துவிட்டால் அது ஊரெல்லாம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ரகுமான் மெட்டு அங்கே வர வருஷங்கள் ஆனது. கானா பாலாவின் 'ஆடி போனா ஆவணி' உடனே வந்தது.

அது 'அட்டகத்தி', 2012, சந்தோஷ் நாராயணன். கானாவைச் சினிமா அதற்கு முன்னாலும் எடுத்திருக்கிறது, பெரும்பாலும் நையாண்டிக்காக. இதில் அந்தக் குரலைத் திருத்தாமல், மெருகு போடாமல் நடுவில் உட்காரவைத்தார்கள். அந்தப் படத்தை இயக்கிய ரஞ்சித் முன்னின்று 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது, கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒன்றாக. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலும் ஊர்வலத்திலும் நின்றுகொண்டே அடித்தவர்கள், மேடைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டவர்கள், அவர்களை இப்போது கல்லூரி விழாக்களில் மேடைக்கு நடுவே கூப்பிட்டு, மைக் வைத்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள். அதற்கு முன்னாலேயே பறையை மேடைக்குக் கொண்டுவந்த கலைக்குழுக்கள் உண்டு, அவர்கள் உழைப்பும் இதில் இருக்கிறது. ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் பறைக்காரருக்குத் தனி இடமும் தனிச் சம்பளமும் என்பது இந்த ஆல்பங்களுக்குப் பிறகுதான் நான் பார்த்தது. கற்கவேண்டும், வாங்கவேண்டும் என்ற என் அளவுகோலில் கூப்பிடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, வரிசை கேட்டீர்கள், கொடுத்துவிடுகிறேன். பாதையை மாற்றியதில் 'ரோஜா' முதலிடம், அதில் பேச்சே இல்லை, அதற்கடுத்து எண்பதுகளின் ஆரம்பத்து ராஜா, ஒரே படம் சொல்லு என்று பிடிவாதம் பிடித்தால் 'பயணங்கள் முடிவதில்லை', அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரி, அப்புறம் 'அட்டகத்தி'. கற்பனையில் 'ஹவ் டு நேம் இட்', அதற்கு ரொம்பத் தள்ளி இல்லாமல் 'திருடா திருடா', மூன்றாவது 'நினைத்தாலே இனிக்கும்'. இளையராஜா ரசிகர்கள் 'நிழல்கள்' எங்கே என்பார்கள், ரகுமான் ரசிகர்கள் 'இருவர்' எங்கே என்பார்கள். ரெண்டு பேரும் 'திருடா திருடா'வை ஒரு தடவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வரட்டும், பேசலாம். ரேடியோஹெட் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் தம்பி, நல்ல குழுதான், ஆனால் வேலூரில் யாரும் அவர்களால் ஒரு வாத்தியம் வாங்கியதை நான் பார்த்ததில்லை.